முப்பத்தெட்டு மார்க் குறைவு

2024 ஏப்ரல் கடைசி. அருப்புக்கோட்டையில் சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை சுட்டுக்கொண்டிருந்த நாள். எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மகளோடு என் வீட்டுப் படியேறினார். நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் தெருவில் எனக்குப் பெயர் "மேனேஜர் சார்"தான்.

"பாப்பாவுக்கு பேங்க் வேலை வந்திருச்சு சார்" என்றார். நல்ல செய்தி சொல்கிறவர் முகமாக அது இல்லை.

பெண் கைப்பேசியை நீட்டினாள். "பரீட்சை எல்லாம் பாஸ் மாமா. இதுலதான் முப்பத்தெட்டு மார்க் கொறையுது."

திரையில் ஒரு அரைவட்டம். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை, நடுவில் 612.

பதினொரு பொதுத்துறை வங்கிகளுக்கு எழுத்தர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது ஐ.பி.பி.எஸ். என்ற தேர்வு நிறுவனம். ஸ்டேட் வங்கி மட்டும் தனியாகத் தேர்வு நடத்திக்கொள்ளும். 2023 ஜூலையில் ஐ.பி.பி.எஸ். வெளியிட்ட எழுத்தர் தேர்வு அறிவிக்கையில், வயது, படிப்பு, கணினி அறிவு என்ற வழக்கமான தகுதிகளோடு ஒரு பத்தி சேர்ந்திருந்தது. வேலையில் சேரும்போது சிபில் மதிப்பெண் 650க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அறிக்கையில் பாக்கி ஏதும் தெரிந்தால், கடன் கொடுத்தவரிடமிருந்து பாக்கி இல்லை என்று தடையின்மைச் சான்று வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் பணி ஆணை ரத்தாகலாம். முதல்நிலை, முதன்மை என்று இரண்டு தேர்வுக்கும் இரவு பகலாகக் கணக்குப் போட்டுப் பழகிய பெண், அறிவிக்கையின் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்லை. லட்சக்கணக்கில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

எனக்குச் சங்கடம் வேறொன்றில். அந்த 612க்குக் காரணமான கடனில் கையெழுத்துப் போட்டதே நான்தான். 2014இல் அவள் பொறியியல் படிப்பில் சேர்ந்தபோது 2,80,000 ரூபாய் கல்விக்கடன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது விதி. அப்பாவும் மகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். கடைக்காரர் அன்றைக்குக் கொண்டுவந்த பால்கோவா இன்னும் நினைவிருக்கிறது.

2018இல் படிப்பு முடிந்தது. ஒரு வருடம் அவகாசம். அதற்குப் பிறகு மாதம் நாலாயிரத்துச் சொச்சம் தவணை. அவளுக்குக் கிடைத்தது ஒரு தனியார் பள்ளியில் மாதம் எட்டாயிரம் ரூபாய் வேலை. அதில் பாதியைத் தவணைக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். கொரோனாவில் பள்ளி மூடியது. சம்பளம் நின்றது. ரிசர்வ் வங்கி கொடுத்த ஆறு மாதத் தவணை விலக்கு 2020 ஆகஸ்டோடு முடிந்தது, பள்ளி திறக்கவில்லை. தொண்ணூறு நாள் தாண்டியதும் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போனது. 2022இல் மக்கள் நீதிமன்றத்தில் வங்கி அதிகாரிகள் உட்கார்ந்து வட்டியில் தள்ளுபடி கொடுத்தார்கள். அம்மாவின் சங்கிலியை விற்று ஒரே தவணையில் கட்டி முடித்தார்கள். கணக்கு தீர்ந்தது என்று சீட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அன்று பாயசம் வைத்தார்களாம்.

அந்தச் சீட்டில் சொல்லாத ஒன்றை சிபில் அறிக்கை சொல்லியது. கணக்கின் எதிரே "முடிந்தது" என்று இல்லை, "செட்டில்டு" என்று இருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் மார்க்கில் நல்ல வித்தியாசம் இருக்கும். முழுதாகக் கட்டினால் "குளோஸ்டு". வங்கி கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்தால் "செட்டில்டு". விட்டுக்கொடுத்தது வங்கி, கறை விழுந்தது வாங்கியவர் மேல். சமரசப் பேச்சு நடக்கும் மேசையில் இதை யாரும் சொல்வதில்லை. நானும் பதவியில் இருந்தபோது பல பேருக்குச் சொன்னதில்லை. வசூல் இலக்கு தலைக்கு மேல் தொங்கும் மார்ச் மாதத்தில் அதெல்லாம் வாயில் வராது.

சிபில் என்பது மந்திரம் ஒன்றுமில்லை. அன்று கடைக்காரரிடம் அவருடைய பற்று நோட்டை வைத்துத்தான் விளக்கினேன். யார் எவ்வளவு கடன் சொல்லிச் சாமான் வாங்கினார்கள், சம்பளத் தேதியில் கொடுத்தார்களா, இழுத்தடித்தார்களா என்று அவர் எழுதி வைக்கிறார். ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் நோட்டை மாதாமாதம் ஒரு இடத்தில் கொடுத்து, அங்கே எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு மார்க் போட்டால் அதுதான் சிபில். 2000இல் தொடங்கிய நிறுவனம். இப்போது அதுபோல நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். மார்க் 300இல் தொடங்கி 900 வரை. தவணை தவறியது எத்தனை நாள், கிரெடிட் கார்டில் வரம்பை முட்ட எடுக்கிறாரா, புதுசாக எத்தனை இடத்தில் கடன் கேட்டிருக்கிறார் என்பதெல்லாம் அதில் சேரும். கணக்கு மொத்தமும் ஒரே கேள்விக்குத்தான்: இவருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா?

கடைக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி சார். கடன் குடுக்க நோட்டப் பாக்கலாம். கல்லாவுல ஒக்கார வைக்க நான் நோட்டப் பாக்க மாட்டேனே. எங்கடையில நின்ன பையன் ஊரெல்லாம் கடன் வச்சிருந்தான். எங்கல்லாவுல ஒத்த ரூவா கொறஞ்சதில்ல."

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொருவர் நினைவுக்கு வந்துவிட்டார்.

2009இல் நான் இருந்த ஒரு கிளையில் நகைக்கடன் பார்த்த அலுவலர். நெற்றி நிறைய விபூதி, நேரம் தவறாத ஆள். வாடிக்கையாளர் பெயர்களில் கவரிங் நகைகளை அடகு வைத்துப் பணம் எடுத்திருந்தார். தணிக்கையில் பிடிபட்டபோது பதினெட்டு பைகளில் பித்தளை. ஏன் என்று விசாரித்தால், தங்கை கல்யாணத்துக்குக் கந்துவட்டியில் வாங்கிய பணம். வாரம் தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று, அது வேறு கதை.

அந்த மனிதருடைய சிபில் அறிக்கையை அன்று எடுத்துப் பார்த்திருந்தால் 800க்கு மேல்தான் இருந்திருக்கும். எப்படி இல்லாமல் போகும்? வங்கி ஊழியருடைய வீட்டுக்கடன், வாகனக் கடன், பண்டிகை முன்பணம் எல்லாம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்படும். தவற நினைத்தாலும் தவற முடியாது. கழுத்தை நெரித்த கடனோ எந்த நோட்டிலும் இல்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ஏலச்சீட்டு, சேட்டு கடை அடகு, மச்சானிடம் கைமாற்று என்று நம் ஊரில் கடன் ஓடும் எத்தனையோ பாதைகளில் சிபிலுக்குக் கண் கிடையாது. முறையாக வங்கிக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, படிக்கக் கடன் வாங்கிய பெண்தான் அதன் கண்ணில் படுகிறாள்.

வங்கிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர் பணத்தை எண்ணும் வேலை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே, 10ஆம் பிரிவில், திவாலானவர், கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியவர், அவர்களோடு குறைத்துப் பேசி முடித்துக்கொண்டவர், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஆகியோரை வங்கி வேலைக்கு வைக்கக்கூடாது என்று இருக்கிறது. அந்தச் சட்டம் எழுதியவர்கள் மனதில் கடையை மூடிவிட்டு ஊரை ஏமாற்றிய வியாபாரி இருந்திருப்பான். பதினெட்டு வயதில் வாங்கிய கல்விக்கடன் இருந்திருக்க வழியில்லை, அப்படி ஒன்று அன்று நாட்டில் கிடையாது.

இந்த இரண்டு நியாயங்களும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நேருக்கு நேர் வந்தன. ஸ்டேட் வங்கி 2020இல் வட்டார அளவிலான அலுவலர் பணிக்கு ஆள் எடுத்தது. கடன் அல்லது கிரெடிட் கார்டு பாக்கி தவறியவர்களும், சிபில் போன்ற நிறுவனங்களின் பாதகமான அறிக்கை உள்ளவர்களும் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருந்தது. தேர்வில் வென்று பணி ஆணையும் பெற்ற ஒருவருடைய நியமனம் 2021இல் ரத்தானது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாக் கடனையும் கட்டிவிட்டேன், என்னை யாரும் கடன் தவறியவர் என்று அறிவிக்கவில்லை என்பது அவர் வாதம். கட்டி முடித்தாரா என்பது கேள்வியில்லை, கட்டிய வழி முழுக்கத் தவறாமல் இருந்ததா என்பதே கேள்வி என்றது வங்கி. 2025 ஜூனில் நீதிபதி என். மாலா வங்கியின் முடிவு சரி என்று தீர்ப்பளித்தார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் தொழிலில் நிதி ஒழுக்கம் முக்கியம், விதியைத் தெரிந்துகொண்டே விண்ணப்பித்தவர் பிறகு அதைக் குறைசொல்ல முடியாது என்பது அதன் சாரம்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அறிவிக்கையில் எழுதியிருந்தது, எழுதியபடி செய்தார்கள். என் கேள்வி, அப்படி எழுதலாமா என்பதில்தான். 2023 மே மாதம் கேரள உயர்நீதிமன்றம், மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று சொன்னது. கடன் கொடுக்கவே மார்க்கைப் பார்க்காதே என்று ஒரு நீதிமன்றம் சொல்லும் அதே கடன், வேலை கொடுக்கும்போது மார்க்காக வந்து குறுக்கே நிற்கிறது. வேலை கிடைத்தால்தான் கடன் கட்ட முடியும் என்று தெரிந்தே, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கேட்காதே என்று விதி வைத்தவர்களும் நாம்தான்.

இந்த வழக்கம் நம் ஊரில் முளைத்ததில்லை. என் மகள் நியூஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்தபோது, மற்ற காகிதங்களோடு கலக்காமல் ஒரு தனித்தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். உன் கடன் அறிக்கையைப் பார்க்கப்போகிறோம், சம்மதமா என்பதுதான் அதில் இருந்தது. 1970இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாடு அது. எழுத்தில் சம்மதம் வாங்காமல் பார்க்கக்கூடாது. அறிக்கையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதாக இருந்தால், மறுக்கும் முன்பே அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்து, தப்பு இருந்தால் சொல்ல இடம் தர வேண்டும். இன்னொன்று நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கே வேலை கொடுப்பவருக்குப் போகும் அறிக்கையில் மார்க் இருக்காது. கடன் விவரம் மட்டும்தான். நாம் மார்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு 650 என்று கோடு கிழித்தோம்.

அங்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2007இல் வாஷிங்டன் மாநிலம் முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் ஓரிகன், இல்லினாய், கலிஃபோர்னியா என்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள். நியூயார்க் நகரம் 2015இல் ஏறக்குறையத் தடையே போட்டது. அநேகமாக எல்லாச் சட்டங்களிலும் வங்கிக்கோ பணம் கையாளும் பதவிக்கோ விலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2010இல் ஓரிகன் சட்டமன்றத்தில் நடந்தது. கடன் அறிக்கை நிறுவனம் ஒன்றின் சார்பில் பேச வந்த அதிகாரியிடம், ஒருவர் கடன் அறிக்கையில் இருப்பதற்கும் அவர் வேலை செய்யும் விதத்துக்கும் மோசடி செய்யும் வாய்ப்புக்கும் தொடர்பு உண்டா என்ற பேச்சு வந்தது. அப்படித் தொடர்பைக் காட்டும் ஆய்வு எதுவும் எங்களிடம் இப்போது இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் வந்திருந்தது டிரான்ஸ்யூனியன் நிறுவனத்திலிருந்து. ஆமாம், நம் சிபிலின் பெயருக்கு முன்னால் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் அதே டிரான்ஸ்யூனியன். தராசு விற்றவரே, இதில் தங்கம் நிறுக்கலாம், குணம் நிறுக்கலாமா தெரியாது என்கிறார். நாம் நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.

வங்கியோடு இது நிற்கவும் இல்லை. சென்னை, பெங்களூர் மென்பொருள் நிறுவனங்களில், வெளிநாட்டு வங்கிகளுக்கு வேலை செய்யும் குழுக்களில் சேர்கிறவர்களிடமும் பின்னணிச் சரிபார்ப்பு என்ற பெயரில் சிபில் கேட்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, அறிக்கையை நேரடியாகப் பெறக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. வங்கி, காப்பீடு, தொலைபேசி நிறுவனம் போன்றவர்கள். ஆள் எடுக்கும் சாதாரணக் கம்பெனி அதில் இல்லை. ஆகவே "நீங்களே எடுத்துக் கொடுங்கள்" என்பார்கள். வேலை வேண்டியவர் எடுத்துக் கொடுப்பார். அதைச் சம்மதம் என்கிறார்கள்.

பெண்ணின் அறிக்கையை அன்றிரவே வரிவரியாகப் பார்த்தோம். செட்டில்டு கணக்கு எதிர்பார்த்தது. எதிர்பாராதது, மதுரையில் ஒரு ஸ்கூட்டர் கடன், நான்கு தவணை பாக்கி. அவள் ஸ்கூட்டரே வாங்கியதில்லை. அவள் பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட வேறொரு பெண்ணின் கடன். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து பான் அட்டையில் ஒரு மாதிரி விரியும், ஆதாரில் வேறு மாதிரி, வங்கிக் கணக்கில் விரியாமலே நிற்கும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட மே, ஜூன் பிறந்த தேதிகள் வேறு. பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரைக் கணினி ஒருவராக்கிவிடுவதை என் பணிக்காலத்தில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தப்பு இருந்தால் திருத்தக் கேட்பது சட்டம் கொடுத்த உரிமை. சிபிலின் இணையதளத்தில் ஆட்சேபம் பதிவு செய்தோம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு அந்த ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதோ 2016இலேயே வந்த உத்தரவு. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் மார்க் குறையும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. குறையாது. கடன் கேட்டுப் போய் வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது கணக்கில் ஏறும். கட்டிய கடன் அறிக்கையில் ஏற அப்போதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வங்கிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது.

தடையின்மைச் சான்றுக்கு என் பழைய கிளைக்கே அவளோடு போனேன். மேலாளர் ஒடிசாக்காரப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பிள்ளை. கோப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஆவண அறையில் மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. என் கையெழுத்தோடு தூசி படிந்து கிடந்தது. "பாக்கி ஏதும் இல்லை" என்று ஒரே வரி எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

ஸ்கூட்டர் கடன் நீங்க இருபத்தாறு நாள் ஆனது. நீங்கியபின் மார்க் 641. அப்போதும் ஒன்பது குறைவு. வேலை கொடுத்த வங்கி மண்டல அலுவலகத்திடம் கேட்டு, சான்றை ஏற்றுக்கொண்டு, மூன்று வாரம் தாமதமாகச் சேரச் சொன்னது. இறுதி முடிவு அந்தந்த வங்கியுடையது என்று அறிவிக்கையில் இருந்த வரி, அவள் விஷயத்தில் அவள் பக்கம் சாய்ந்தது. அதே வரி இன்னொரு ஊரில், இன்னொரு அதிகாரி மேசையில் வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அறிவிக்கையில் ஐ.பி.பி.எஸ். 650 என்ற எண்ணை எடுத்துவிட்டது. ஆனால் ஆரோக்கியமான கடன் வரலாறு வேண்டும் என்ற நிபந்தனை நிற்கிறது. ஆரோக்கியம் என்றால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி வைத்துக்கொள்ளும். எண்ணாவது கண்ணுக்குத் தெரிந்தது.

அவள் சேர்ந்த அன்று இரவு, எனக்கென்னவோ தோன்றி, என் அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். கடன் எதுவும் கிடையாது, கார்டில் பாக்கி கிடையாது, ஓய்வூதியக்காரன். 850ஆவது இருக்கும் என்ற திமிரோடுதான் ஓ.டி.பி. எண்ணைத் தட்டினேன். 723.

கீழே இறக்கிப் பார்த்தால், ஜாமீன்தாரர் என்ற தலைப்பில் ஒரு டிராக்டர் கடன். என் மனைவியின் தம்பிக்கு 2021இல் நான் போட்ட ஜாமீன் கையெழுத்து. இரண்டு தவணை தவறி அறுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

மணி பத்தரை. போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"என்ன அத்தான், இந்நேரத்துல? அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. டிராக்டர் டியூ ஏன்யா நிக்கிது?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நாய் குரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மக்காச்சோளம் பணம் வரல அத்தான். நீங்க இப்ப எங்கயும் வேலைக்கா போகப்போறீக?"